பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: அந்த டிமாண்ட் கோட்டை யாரு பாத்தாங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?

பாடத்திட்டக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

முதல் வருஷ பொருளியல் அறிமுகத் தாள்ல ஆறாவது யூனிட்டை, அதான் ஆராய்ச்சி முறைகளை, முழுசா எடுத்துட்டீங்கன்னு போன வாரம் சர்க்குலர் வந்துச்சு. கூடவே இருபது மார்க் ப்ராஜெக்ட்டும் போச்சு, அந்த இருபதையும் ஒரு மார்க் கேள்விகளா மாத்திட்டீங்க. காரணம்னு ஒரே ஒரு வரி: "அடிப்படைக் கோட்பாடுகளை மாணவர்கள் முதலில் உறுதியாகக் கற்க ஏதுவாக". அந்த வரியைத்தான் என்னால விழுங்க முடியல. உங்களுக்குத் தனியா அனுப்பினா ஏதோ ஒரு ஃபைல்ல போய்ப் படுத்துக்கும்னு தெரியும், அதனால எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுறேன்.

நான் யாருன்னு கேட்டா, இதே தாளை மாணவனா எழுதி பாஸ் பண்ணவன், அப்புறம் நாலு வருஷம் சர்வே ஃபாரத்தைக் கையில வச்சுக்கிட்டு வீடு வீடா கதவைத் தட்டினவன், இப்போ ஒன்பது வருஷமா இதே தாளை நடத்துறவன்.

கோட்பாடு ஒரு அலமாரி, முறை இன்னொரு அலமாரி, முதல்ல இதைத் திறக்கலாம் அதைப் பின்னாடி பாத்துக்கலாம்னு நீங்க நினைச்சிருக்கீங்க. போர்டு முன்னாடி நிக்கிறவனுக்கு அப்படிப் பிரிக்க வராது. தேவை விதியையே எடுத்துக்கோங்க. "மற்றவை மாறாதிருக்கும்போது, விலை கூடினால் தேவை குறையும்." பசங்க முன்னாடி இருக்குற ரெண்டு சொல்லையும் மந்திரம் மாதிரி ஒப்பிச்சுட்டு பின்பாதிக்குத் தாவிடுவாங்க, நாமளும் அதைக் கண்டுக்க மாட்டோம், ஆனா அந்த ரெண்டு சொல்லுக்குள்ளதான் நீங்க தூக்கின ஆறாவது யூனிட் மொத்தமும் உக்காந்திருக்கு. நிஜத்துல மற்றவை எப்போ சார் மாறாம இருந்துச்சு? வருமானம் மாறும், சீசன் மாறும், போட்டிப் பொருளோட விலை மாறும், எல்லாம் சேர்ந்தே மாறும். அப்போ விலையோட வேலை மட்டும் எவ்வளவுன்னு எப்படிப் பிரிச்சு எடுக்குறது? இதைச் சொல்லாம விதியை மட்டும் சொன்னா அது வாய்ப்பாடு ஒப்பிக்கிற கதைதான்.

சில வருஷத்துக்கு முன்னாடி கடைசி பெஞ்ச்ல இருந்து ஒரு பொண்ணு கேட்டுது, "சார், இந்த டிமாண்ட் கோட்டை யாராவது பாத்திருக்காங்களா?" வகுப்பே சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல, ஏன்னா நான் மாணவனா இருந்தப்போ கேக்க நினைச்சு வாயை மூடிக்கிட்ட கேள்வி அது. நேர்மையான பதில், யாரும் பாத்ததில்லம்மா. நம்ம கையில கிடைக்கிறது புள்ளி மட்டும்தான், இன்னிக்கு இந்த விலை, இவ்வளவு வித்துச்சு, நாளைக்கு வேற விலை, வேற அளவு. ஒவ்வொரு புள்ளியும் தேவைக்கோடும் (எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவாங்கன்னு காட்டுற டிமாண்ட் கோடு) அளிப்புக்கோடும் (எந்த விலைக்கு எவ்வளவு விப்பாங்கன்னு காட்டுற சப்ளை கோடு) வெட்டிக்கிற இடம், அடுத்த புள்ளி வர்றதுக்குள்ள ரெண்டுல எந்தக் கோடு நகர்ந்துச்சுன்னு புள்ளி வாயைத் திறந்து சொல்லாது. மழைக்காலத்துல குடை விலையும் ஏறுது, விக்கிற எண்ணிக்கையும் ஏறுது. அந்த ரெண்டு புள்ளியை இணைச்சா கோடு மேல போகுது. அதைப் பாத்து விலை ஏறினா ஜனங்க நிறைய வாங்குவாங்கன்னு எழுதிடலாமா? மழை தேவைக்கோட்டைத் தள்ளிவிட்டுடுச்சு, அதனால நாம இணைச்சது டிமாண்ட் கோடே கிடையாது, சப்ளை கோடு. டிமாண்ட் கோடு வேணும்னா சப்ளையை மட்டும் அசைக்கிற, வாங்குறவங்க மனசைத் தொடாத ஏதோ ஒண்ணு வேணும், தயாரிக்கிற இடத்துல ஒரு மெஷின் ரிப்பேர் ஆச்சுன்னா அது மாதிரி. 1928ல ஃபிலிப் ரைட்ங்கிற பொருளியலாளர் எண்ணெய்கள் மேல போடுற இறக்குமதி வரி பத்தி எழுதின புத்தகத்தோட பின்னிணைப்புல இந்தச் சிக்கலை அவிழ்த்துக் காட்டினார், ஆனா ரொம்ப வருஷத்துக்கு அதை யாரும் சட்டை பண்ணல. கடைசில வச்சா யாரும் படிக்க மாட்டாங்கங்கிறது அப்பவும் அப்படித்தான் போல, ஆறாவது யூனிட்டைக் கடைசி யூனிட்டா வச்சதுலயே அதோட தலையெழுத்து முடிஞ்சு போச்சோ என்னவோ.

அன்னிக்கு அரைமணி நேரம் சிலபஸை விட்டு வெளிய போயிட்டேன். ஆனா ஒண்ணு கவனிச்சேன். தேவை விரிவு, தேவை சுருக்கம், தேவை அதிகரிப்பு, தேவை குறைவுன்னு நாலு பேர் வரும்ல, வருஷா வருஷம் பசங்க குழப்பிக்கிட்டு மார்க்கைத் தொலைக்கிற இடம், அந்த செட்ல கிட்டத்தட்ட யாரும் அதைக் குழப்பல. கோட்டு மேலயே நகர்றதுக்கும் (விரிவு, சுருக்கம்) கோடே நகர்றதுக்கும் (அதிகரிப்பு, குறைவு) என்ன வித்தியாசம்னு அவங்களுக்கு அந்தக் குடையில புரிஞ்சு போச்சு. நீங்க சொல்ற 'உறுதியாகக் கற்பது' இதுதானே? வந்தது எந்த வழியா வந்துச்சுன்னு பாருங்க.

இப்போ விடைத்தாள் விஷயத்துக்கு வர்றேன், எனக்கு ரொம்ப நாளா உள்ளுக்குள்ள குத்திட்டு இருக்குறது இது. ஒரு தடவை பேப்பர் திருத்தப் போனப்போ, குறைந்தபட்சக் கூலியைச் சமநிலைக்கு மேல, அதாவது சந்தையில தானா அமையுற கூலிக்கு மேல நிர்ணயிச்சா என்ன ஆகும்னு ஒரு கேள்வி. ஆன்ஸர் கீல ஒரே சொல்லு: வேலையின்மை. ஒரு பையன் எழுதியிருந்தான், "மாதிரிப்படி வேலையின்மை வரணும், ஆனா முதலாளிக்குக் கூலியை அமுக்கி வைக்கிற பலம் இருந்தா வராமலும் போகலாம், கணக்கெடுத்துத்தான் சொல்ல முடியும்". என் கண்ணுக்கு அந்தக் கட்டுலயே நல்ல விடை அது. மார்க் போடக்கூடாதுன்னு மேல உக்காந்திருந்தவங்க சொல்லிட்டாங்க, கீ கீதான்னு. நானும் பூஜ்யம் போட்டேன். போட்டது நான்தான், அதை மறைக்கல.

அந்தப் பையன் எழுதினது சும்மா ஊகமும் இல்ல. 1992 ஏப்ரல்ல அமெரிக்கால நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலர்ல இருந்து 5.05 டாலரா ஏத்துச்சு, பக்கத்து மாநிலம் பென்சில்வேனியா ஏத்தல. டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் ரெண்டு பக்கமும் சேத்து 410 துரித உணவகங்களை ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை விசாரிச்சாங்க. நியூ ஜெர்சில மட்டும் முன்ன பின்ன பாத்திருந்தா அந்த வருஷத்துப் பொருளாதார மந்தமும் உள்ள கலந்திருக்கும், அதான் பக்கத்து மாநிலத்துல என்ன மாறுச்சுன்னு பாத்து அதைக் கழிச்சாங்க. வேலை குறைஞ்சதுக்கு ஆதாரம் கிடைக்கலன்னு 1994ல கட்டுரை வந்துச்சு. உடனே எதிர்ப்பு, டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் சம்பளப் பட்டியல் பதிவுகளை வச்சு முடிவு வேற மாதிரி வருதுன்னு சொன்னாங்க, 2000ல ரெண்டு தரப்பும் ஒரே பத்திரிகையில மோதிக்கிட்டாங்க. 2021ல கார்டுக்கு நோபல் பரிசு கிடைச்சுது, க்ரூகர் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே இறந்துட்டார். இதனால குறைந்தபட்சக் கூலி நல்லதா கெட்டதான்னு நான் தீர்ப்பு சொல்ல வரல. நாலு எண்ணை வச்சு ரெண்டு கழித்தல், அப்புறம் அந்த ரெண்டுக்கும் நடுவுல இன்னொரு கழித்தல், இதுக்கு மேல கணக்கே கிடையாது இதுல, முதல் வருஷப் பிள்ளைக்கு இது புரியாதுன்னு யார் சொன்னது?

அடிப்படைதான் முக்கியம்னு சொல்றவங்களுக்கு ஒரு சின்ன சோதனை. வாய்ப்புச் செலவைவிட, அதாவது ஒண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடுற அடுத்த நல்ல வாய்ப்போட மதிப்பைவிட, அடிப்படை எதுவும் இல்லைன்னு ஒத்துக்குவீங்கதானே. 2005ல பால் ஃபெராரோ, லாரா டெய்லர்னு ரெண்டு பேர் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தோட வருடாந்திர மாநாட்டுல போய் 199 பொருளியலாளர்கள்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. உனக்கு ஒரு கச்சேரிக்கு இலவச டிக்கெட் கிடைச்சிருக்கு, அதை விக்க முடியாது. அதே ராத்திரி இன்னொரு பாடகரோட கச்சேரி, அதுதான் உன்னோட அடுத்த விருப்பம், அதுக்கு டிக்கெட் 40 டாலர், அதுக்கு நீ 50 டாலர் வரைக்கும் தரத் தயார். இலவசக் கச்சேரிக்குப் போனா வாய்ப்புச் செலவு எவ்வளவு? பூஜ்யமா, 10ஆ, 40ஆ, 50ஆ? விடை 10 டாலர், ஏன்னா நீ இழக்குறது அந்த 50ல 40ஐக் குடுத்தது போக மிஞ்சுற திருப்தி. சரியாச் சொன்னவங்க 21.6 சதவீதம். நாலு விடையில கண்ணை மூடிக்கிட்டு கை வச்சா நூத்துக்கு 25 பேருக்குச் சரியா வரும், அதைவிடக் கம்மி! அவங்க எல்லாரும் வரையறையை மனப்பாடமா சொல்லக்கூடியவங்கதான். இதே கேள்வியை நான் வகுப்புல குடுத்துப் பாக்குறதுண்டு, வரையறைக்கு முழு மார்க் வாங்கினவங்கள்ல சரியாச் சொல்றவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். (முதல் தடவை நானே தப்பாத்தான் சொன்னேன், 40ன்னு.) இன்னும் இருபது ஒரு மார்க் கேள்வி சேத்தா இது சரியாகுமா?

சர்வே வேலைக்குப் போன நாலு வருஷத்துல சிலபஸ்ல இல்லாத பொருளியல் நிறைய கத்துக்கிட்டேன். "உங்க மாச வருமானம் எவ்வளவு?"ன்னு ஃபாரத்துல ஒரு வரி இருக்கும். வீட்டுக்காரர் மட்டும் இருந்தா ஒரு எண், மனைவி பக்கத்துல நின்னா வேற எண், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பாத்தா இன்னொரு எண். மாசமே இல்லாத வருமானம் இருக்கு, சீசனுக்கு வர்றது, அதைப் பன்னெண்டால வகுத்து நானே எழுதியிருக்கேன். ஒரு ஆள் நிஜமாவே யோசிச்சு "போன மாசமா, நல்ல மாசமா?"ன்னு திருப்பிக் கேட்டார், என்கிட்ட பதில் இல்ல, ஃபாரத்துலயும் இல்ல. இந்த எண்ணெல்லாம் சேர்ந்துதான் பின்னாடி ஒரு அட்டவணை ஆகுது, அட்டவணை ஒரு சதவீதம் ஆகுது, அந்த சதவீதத்தைத்தான் நாம பாடப்புத்தகத்துல கல்வெட்டு மாதிரி போட்டு வச்சிருக்கோம்.

இது என் ஒருத்தன் அனுபவம்னு ஒதுக்கிடாதீங்க. இந்தியாவோட தேசிய மாதிரி ஆய்வுல 1990கள்ல, வீட்டுச் செலவைக் கேக்கும்போது போன 30 நாள்ல எவ்வளவுன்னு கேக்குறதுக்குப் பதிலா, உணவு மாதிரி சிலதுக்குப் போன 7 நாள்ல எவ்வளவுன்னு கேட்டுப் பாத்தாங்க, சொல்ற செலவு கூடிடுச்சு, வறுமைக் கோட்டுக்குக் கீழ இருக்குறவங்க எண்ணிக்கை சரசரன்னு இறங்கிடுச்சு. யாருக்கும் ஒரு காசு கூடல, கேள்வி மட்டும்தான் மாறுச்சு. 1999-2000 சுற்றுல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேட்டதால, பழைய எண்ணோட அதை ஒப்பிடலாமா கூடாதான்னு வருஷக்கணக்கா சண்டை ஓடுச்சு. வறுமைன்னா என்னன்னு வரையறை எழுதத் தெரிஞ்ச மாணவனுக்கு இது தெரிய வேண்டாமா?

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 2010ல கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப்னு ரெண்டு பெரிய பொருளியலாளர்கள், அரசுக் கடன் நாட்டோட மொத்த உற்பத்தில 90 சதவீதத்தைத் தாண்டினா வளர்ச்சி விழுந்துடும்னு எழுதினாங்க, செலவை வெட்டணும்னு சொன்ன அரசியல்வாதிகள் அதைக் கையில தூக்கிப் பிடிச்சாங்க. தாமஸ் ஹெர்ண்டன்னு ஒரு மாணவர், வகுப்புல குடுத்த ஹோம்வொர்க், ஒரு பழைய கட்டுரையை எடுத்து மறுபடி கணக்குப் போட்டுப் பாருன்னு, இதை எடுத்தார். கணக்கு வரவே இல்ல. அவங்களோட எக்செல் ஃபைலை வாங்கிப் பாத்தா சராசரி எடுக்குற இடத்துல அஞ்சு நாடு விட்டுப் போயிருக்கு. அது போக, சில வருஷ டேட்டா சேர்க்கப்படல, சராசரில ஒவ்வொரு நாட்டுக்கும் எவ்வளவு பங்குன்னு குடுத்த எடைலயும் கேள்வி இருந்துச்சு, உண்மையில பெரிய வித்தியாசம் வந்தது அதுலதான். 2013ல தன் ஆசிரியர்கள் ரெண்டு பேரோட சேர்ந்து வெளியிட்டார்: கடன் அந்த 90ஐத் தாண்டினப்போ மைனஸ் 0.1 சதவீதம்னு சொன்ன சராசரி வளர்ச்சி, திருத்திப் போட்டா 2.2 சதவீதம். மூத்தவங்க எக்செல் தப்பை ஒத்துக்கிட்டாங்க, மத்ததை ஒத்துக்கல, வாதம் இன்னும் முடியல. ஆனா பாருங்க, அது ஒரு ப்ராஜெக்ட். நீங்க இப்போ சிலபஸ்ல இருந்து எடுத்தீங்களே, அதே ஜாதி ப்ராஜெக்ட்.

உங்க தரப்பு நியாயத்தையும் சொல்லணும். ஆறாவது யூனிட்டை நாங்க ஒழுங்கா நடத்தல. முதல்நிலைத் தரவு என்றால் என்ன, இரண்டாம்நிலைத் தரவு என்றால் என்ன, பகுத்தாய்வு முறையின் குறைகள் யாவைன்னு நோட்ஸ் குடுத்து எழுதவச்சோம். ப்ராஜெக்ட் பெரும்பாலும் சீனியர்கிட்ட வாங்கி அட்டையை மட்டும் மாத்தின சரக்கு. ஒரு வருஷம் ரெண்டு ப்ராஜெக்ட்ல அட்டையைத் தவிர எழுத்துப்பிழை உட்பட எல்லாமே ஒண்ணா இருந்துச்சு. இதையெல்லாம் பாத்துட்டு இந்த யூனிட்டால பிரயோஜனம் இல்லைன்னு நீங்க முடிவு பண்ணியிருந்தா அந்த எரிச்சல் எனக்குப் புரியுது, ஆனா மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையா ஆயிடுச்சே. நடத்துறது சரியில்லைன்னா நடத்துற விதத்தை மாத்தணும்.

முறையெல்லாம் மேல்படிப்புல பாத்துக்கலாம்னு கூட்டத்துல ஒருத்தர் சொன்னதா கேள்விப்பட்டேன். என் வகுப்புல இருந்து பொருளியல் மேல்படிப்புக்குப் போறவங்க ரொம்பக் கொஞ்சம். மத்தவங்களுக்கு வாழ்க்கையில பொருளியல் பாடம்னா இந்த ஒரு தாள்தான். நாளைக்கு பணவீக்கம் இவ்வளவு, வேலையின்மை இவ்வளவுன்னு டிவில சொல்றதை நம்பணுமா வேண்டாமான்னு யோசிக்க வேண்டியவங்க அவங்கதான். ஃபிலிப்ஸ் வளைகோட்டை இன்னமும் வேலையின்மையும் பணவீக்கமும் எதிரெதிர்னு ஒரே வரில கேக்குறோம். 1958ல வந்த அந்தக் கட்டுரை 1861ல இருந்து 1957 வரைக்கும் ஒரே நாட்டோட, பிரிட்டனோட, கூலி டேட்டாவை வச்சு வரைஞ்சதுங்கிறதையும், 1970கள்ல பணவீக்கமும் வேலையின்மையும் கை கோத்துக்கிட்டு ஏறினதையும் சொல்லாம விட்டா பசங்க அதை நியூட்டன் விதின்னு நினைச்சுக்கிட்டுப் போயிடுவாங்க, போயிட்டும் இருக்காங்க.

2000ல பிரான்ஸ்ல பொருளியல் மாணவர்களே இப்படி ஒரு திறந்த மடல் எழுதினாங்க, எங்களைக் கற்பனை உலகத்துல இருந்து வெளிய விடுங்கன்னு. அங்க அரசாங்கம் குழு போட்டு விசாரிச்சு அறிக்கையே வாங்குச்சு. நான் அவ்வளவு பெருசாக் கேக்கல. என் கோரிக்கைகள் இவ்வளவுதான்.

ஆறாவது யூனிட்டைத் திருப்பிக் கொண்டு வாங்க, ஆனா கடைசியில தனியா வேண்டாம், ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் கீழ 'இது நமக்கு எப்படித் தெரியும்'னு ஒரு மணிநேரமா பிரிச்சுப் போடுங்க, தேவை விதிக்கு ஒண்ணு, கூலிக்கு ஒண்ணு, நாட்டு வருமானத்துக்கு ஒண்ணு. பழைய மாதிரி ப்ராஜெக்ட் வேண்டாம்னா நானும் ஒத்துக்குறேன், அதுக்குப் பதிலா வெளிவந்த ஒரு அட்டவணையைக் குழுவா எடுத்து மறுபடி கணக்குப் போட்டு எங்க பொருந்துது எங்க பொருந்தலன்னு ரெண்டு பக்கம் எழுதட்டும், அந்த இருபது மார்க்கை அதுக்குக் குடுங்க. அட்டவணையை வருஷா வருஷம் மாத்திட்டா சீனியர்கிட்ட வாங்கவும் முடியாது. ஆன்ஸர் கீல காரணத்தோட எழுதின மாற்று விடைக்கும் மார்க் உண்டுன்னு ஒரு வரி சேருங்க, இதுக்குக் காசு செலவே இல்ல. இந்த முடிவு எடுத்த கூட்டத்தோட நடவடிக்கைக் குறிப்பை வெளியிடுங்க, எந்த ஆதாரத்தை வச்சு எடுத்தீங்கன்னு நாங்க பாக்கணும், மாணவர்களோட மார்க்கைப் பாத்தீங்களா, நடத்துறவங்ககிட்ட கேட்டீங்களா, எதுவுமே இல்லையா. புதுப் புத்தகம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி முதல் வருஷம் நடத்துற ஆசிரியர்களை ஒரு நாள் கூப்பிட்டுப் பேசுங்க, சொந்தச் செலவுல வர்றோம், போர்டும் சாக்பீஸும் மட்டும் இருந்தா போதும்.

பதிலை எழுத்துல எதிர்பாக்குறேன். அந்தக் கடைசி பெஞ்ச் பொண்ணு கேட்ட கேள்வி அடுத்த ஜூன்லயும் யாராவது கேப்பாங்க, அதுக்குள்ள வந்தா நல்லது.

இப்படிக்கு,
முதல் வருஷப் பொருளியல் நடத்துற ஒரு வாத்தியார்